எதிரெதிர் சுழன்ற சக்கரங்கள்

"இந்த ஓட்டைக்குள்ள என் தலை போகுது அண்ணி. உடம்பு போகலை. திருடன் தலை மட்டும் உள்ள ஆளா இருக்கணும்."

தரையோடு தரையாகப் படுத்திருந்த வால், சுவரோரத்து ஓட்டையிலிருந்து முகத்தை வெளியே எடுத்தான். புருவம், மூக்கு, மீசை எல்லாம் வெள்ளைத் தூள்.

"தும்மாதே. அந்தத் தூள்தான் நமக்கு இருக்கிற ஒரே சாட்சி. மெதுவா இந்தப் பக்கம் நகரு," என்றார் அண்ணி.

வால் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஆட்களைப் பின்தொடர்ந்து போவதுதான் துப்பறியும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணி அந்த அலுவலகத்தின் முதலாளி. வாலின் கூடப்பிறந்த அண்ணனின் மனைவியும்கூட. இதனால் வாலுக்கு ஒரு நிரந்தரச் சிக்கல் உண்டு. அலுவலகத்தில் திட்டு வாங்கினால் வீட்டுக்குப் போய் முறையிட ஆள் கிடையாது. அங்கேயும் அவர்தான் இருப்பார்.

அவர்கள் வந்திருந்த இடம் முன்பு மார்பிள் அறுக்கும் பட்டறை. இப்போது அதன் முன்பக்க வெட்டவெளியில் பாறைகளைக் குவித்து, ரிமோட்டில் ஓடும் வண்டிகளை அவற்றின் மேல் ஏற்றிப் போட்டி நடத்துகிறது ஒரு கிளப். பொம்மைக் கார் என்று யாராவது சொல்லிவிட்டால் உறுப்பினர்கள் முகம் சிவந்துபோகும். கிராலர் என்று சொல்ல வேண்டும். முழங்கை நீளம் இருக்கும். வேகம் என்ற பேச்சே கிடையாது. சுவர் மாதிரி நிற்கும் பாறையில் பல்லி போல ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும், கவிழக் கூடாது, அவ்வளவுதான் போட்டி.

அந்தக் கிளப்பின் பின்பக்க அறையில் நேற்று மாலை பூட்டிவைத்த ஒரு கிராலரை இன்று காலை காணவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. அறைக்கு ஜன்னல் இல்லை. அந்தக் காலத்தில் அறுக்கும் தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டை ஒன்றுதான் மிச்சம். எலி வராமலிருக்க அதன் வாயில் ஒரு கல்லையும் போட்டிருந்தார்கள். எலிக்குத்தான் அது தடை. பாறை ஏறும் வண்டிக்கு அது வாசற்படி.

"சாவி என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு," என்றாள் நீச்சல் கோச். கழுத்தில் விசிலும் கண்ணுக்குக் கீழே தூக்கமின்மையும் தொங்க, கதவோரம் நின்றிருந்தாள். போட்டிக்கு நடுவர் அவள்தான். அண்ணியைக் கூப்பிட்டதும் அவள்தான்.

"காணாமப் போனது யார் வண்டி?"

"எங்க அண்ணன் வண்டி. பல் டாக்டர்."

"யாரைச் சந்தேகப்படறாங்க?"

"என் வீட்டுக்காரரை. ஆடிட்டர். இன்னைக்குச் சாயந்திரம் ஃபைனல் அவங்க ரெண்டு பேருக்கும்தான்."

"குடும்பத்துல வேற யாராவது பாக்கி இருக்காங்களா?" என்றான் வால்.

"நான்தான் பாக்கி," என்றாள் கோச். சிரிக்கவில்லை. "மாடியில நாங்க, கீழ அண்ணன். ஒரே வீடு. காலையில கிளப்ல அத்தனை பேர் முன்னாடியும், எடுத்தது ஆடிட்டர்தான்னு பேச்சு வந்துடுச்சு. அண்ணன் ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. இவருக்கு முகம் செத்துப்போச்சு. நேரா வீட்டுக்குப் போய் சாமான் ஏத்த லாரிக்குச் சொல்லிட்டார். ஃபைனலும் வேணாமாம், வீடும் வேணாமாம். சாயந்திரம் லாரி வருது. அதுக்குள்ள வண்டி கிடைக்கணும்."

அண்ணி தலையசைத்தார். "சரி. ஏன் ஆடிட்டர்தான்னு சொல்றாங்க?"

கோச் தரையைக் காட்டினாள். மார்பிள் தூள் படிந்த தரையில் சக்கரத் தடம் பளிச்சென்று விழுந்திருந்தது. சாக்பீஸ் கட்டத்தில் நின்ற இடத்திலிருந்து சுவரோரம் வரை ஓடி, ஓட்டைக்கு முன்னால் சட்டென்று திரும்பி, கல்லின் மேல் ஏறி மறைந்தது.

"இந்தத் திருப்பத்தைப் பாருங்க. நின்ன இடத்துலேயே திரும்பியிருக்கு. முன் சக்கரம் முன்னாடி சுத்தித் தூளைப் பின்னால தள்ளியிருக்கு. பின் சக்கரம் பின்னாடி சுத்தித் தூளை முன்னால தள்ளியிருக்கு. ரெண்டும் நடுவுல குவிஞ்சு கிடக்கு. இப்படி எதிரெதிரா சுத்தற வண்டி இந்தக் கிளப்லேயே என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க. தம்பிக்காகக் கேக்கறேன்," என்றார் அண்ணி.

"அவங்களுக்குப் புரியலைன்னாலும் என் பேர்லதான் கணக்கு," என்றான் வால்.

கோச்சுக்கு இது மனப்பாடம் போலிருந்தது. "அண்ணன் வண்டி கூட்டுக்குடும்பம்னு வச்சுக்கோங்க. நடுவுல ஒரே மோட்டார், ஒரு கியர்பாக்ஸ். அங்கேருந்து முன்பக்கம் ஒரு கம்பி, பின்பக்கம் ஒரு கம்பி போகும். ஷாஃப்ட்டுன்னு சொல்வாங்க. மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதோ நாலு சக்கரமும் அந்தப் பக்கம்தான். சில ஷாஃப்ட் வண்டியில லீவரைத் தட்டிப் பின் சக்கரத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனா எதிர்ப்பக்கம் சுத்த வைக்க முடியாது. என் வீட்டுக்காரர் வண்டி தனிக்குடித்தனம். ஷாஃப்ட்டே கிடையாது. முன் அச்சு மேலயே ஒரு மோட்டார், பின் அச்சு மேலயே ஒரு மோட்டார். அது அது இஷ்டப்படி சுத்தும்."

"ரெண்டுல எது உசத்தி?" என்றான் வால்.

கோச் பதறிப்போய் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எங்க வீட்டுல இந்தக் கேள்வியை யாரும் கேக்க மாட்டோம். கேட்டா சாப்பாடு ஆறிப்போகும். கூட்டுக்குடும்ப வண்டி எடை கம்மி, வயர் கம்மி. ஆனா செங்குத்துப் பாறையில மோட்டாரை அழுத்தினா, ஷாஃப்ட் முறுக்குல உடம்பு ஒரு பக்கமாச் சாயும். சாய்ஞ்சா கவிழும். தனிக்குடித்தன வண்டி சாயாது, எடையெல்லாம் கீழேயே கிடக்கும். ஆனா மோட்டார் ரெண்டும் கல்லுல இடிபட்டு அடி வாங்கும். ரெண்டும் ஒரே மாதிரி இழுக்கவும் இழுக்காது. இதை வச்சு இவங்க ரெண்டு பேரும் வருஷக்கணக்கா மல்லுக்கட்டறாங்க. அச்சு மேல மோட்டார் வச்சா மீசையை எடுத்துடறேன்னு அண்ணன் கிளப்ல சபதமே போட்டிருக்கார். ஷாஃப்ட் வச்சா ஆடிட்டர் வேலையையே விட்டுடறேன்னு இவர்."

"அப்ப விஷயம் சுலபம்," என்றான் வால். "ஆடிட்டர் ஓட்டை வழியா தன்னோட வண்டியை உள்ள விட்டார். கொக்கி போட்டு மச்சான் வண்டியை இழுத்தார். வெளிய எடுத்தார். நான் டீ குடிக்கப் போறேன்."

"உக்காரு," என்றார் அண்ணி. "டயர் தடத்துல அம்பு மாதிரி வெட்டு தெரியுதா? அம்பு எந்தப் பக்கம் பாக்குது?"

வால் குனிந்து பார்த்தான். "ஓட்டைப் பக்கம்."

"உள்ள வர்ற மாதிரி ஒரு அம்பு காட்டு."

அறை முழுவதும் முட்டி போட்டுத் தேடினான். எல்லா அம்பும் வெளியே போயின. உள்ளே வந்த அம்பு ஒன்றுகூட இல்லை.

"சரி, கொக்கி போட்டு இழுத்த தடம் எங்க? கியர் பிடிச்சு நிக்கற வண்டியை இழுத்தா சக்கரம் உருளாது, தேய்ச்சுக்கிட்டே வரும். இங்க தேய்ச்ச கோடே இல்லையே."

"அப்ப ஆடிட்டர் வண்டி பறந்து வந்து, மச்சான் வண்டியை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் போயிருக்கு."

அண்ணி தடத்திலிருந்து நிமிர்ந்தார். கோச் பக்கம் திரும்பினார். "ஆடிட்டர் வண்டி நேத்து இங்க இல்லையா?"

"இல்லை. ஃபைனல் ஆடற ரெண்டு வண்டியும் முந்தின நாளே ஒப்படைக்கணும்னு விதி. இவர் ஒரு கியர் டைட் பண்ணணும், காலையில தர்றேன்னுட்டார். செமி ஃபைனல் முடிஞ்சதுலேருந்தே ரெண்டு பேரும் அவங்கவங்க அறையைச் சாத்திக்கிட்டு ஏதோ நோண்டிக்கிட்டே இருந்தாங்க."

"நேத்து வேற ஏதாவது புதுசா நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்லையே. ஃபைனலுக்கு முன்னாடி ரெண்டு வண்டியோட மேல்மூடியையும் எல்லார் முன்னாடியும் கழட்டிக் காட்டணும்னு சாயந்திரம் அறிவிச்சேன். எடைக்காக உள்ள ஈயக்கட்டி ஒளிச்சு வைக்கறாங்கன்னு ஒரு புகார் வந்துச்சு, அதுக்காக."

"சொன்னதும் யார் முகம் மாறுச்சு?"

கோச் யோசித்தாள். "ரெண்டு பேர் முகமும்தான். பரீட்சை பயம்னு நினைச்சுக்கிட்டேன்."

அண்ணி எழுந்து புடவையில் ஒட்டிய தூளைத் தட்டினார். வாலுக்கு அந்தத் தட்டல் தெரியும். பாதி முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். எந்தப் பாதி என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

*

மாடி வீட்டில் ஆடிட்டர் அட்டைப் பெட்டிக்குள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று யாராவது சொன்னால், நேற்றைய வெயிலுக்கு ஆதாரம் கேட்கும் ரகம் என்று வழியில் கோச் சொல்லியிருந்தாள். ஆனால் அவர்களைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு மறுபடி பாத்திரத்துக்குள் குனிந்துகொண்டார்.

"சார், நீங்க எடுத்தீங்கன்னு சொல்றாங்களே?" என்றார் அண்ணி.

"சொல்றவங்க சொல்லட்டும்."

"எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லலாமே."

"சொன்னா நம்பவா போறாங்க."

"நம்ப வைக்க ஒரு வழி இருக்கு. உங்க வண்டியை இந்தத் தரையில ஓட்டிக் காட்டுங்க. கொஞ்சம் மாவு தூவிக்கலாம். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் எதிரெதிரா சுத்தவிடுங்க. அங்க விழுந்த தடம் மாதிரி விழலைன்னா நீங்க நிரபராதி. விஷயம் முடிஞ்சுடும்."

ஆடிட்டரின் கையில் இருந்த குக்கர் மூடி நழுவி விழுந்து, தரையில் நின்று நிதானமாகச் சுற்றி அடங்கியது. 

"வண்டியைக் காட்ட முடியாது."

"ஏன் சார்?"

"காட்ட முடியாதுன்னா முடியாது. திருடன்னு எழுதிக்கோங்க."

வால் அண்ணியின் காதருகே குனிந்தான். "ஒத்துக்கிட்டார் அண்ணி. டீ குடிக்கலாமா?"

டீக்குப் பதில் காபி வந்தது. கோச் டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டு, கைப்பிடியோடு இருந்த ஒரு சின்னக் கருவியை ஒவ்வொரு டம்ளரிலும் விட்டு அழுத்தினாள். விர்ரென்ற சத்தத்தோடு நுரை பொங்கி வந்தது.

"நல்லா இருக்கே," என்றார் அண்ணி.

"இவர் போன வாரம் செஞ்சு கொடுத்தார்," என்றாள் கோச். சாமான் கட்டும் கணவரை விட்டுக்கொடுக்காத குரல். "ரெண்டு செஞ்சார். ஒண்ணு கீழ அண்ணன் வீட்டுக்கு."

அண்ணி கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடிக்கு மேலே செருகியிருந்த சிறு மோட்டாரை விரலால் தடவினார். பிறகு, "இதை ஒரு மணி நேரம் இரவல் தர்றீங்களா? எங்க வீட்டுலயும் ஒண்ணு செய்யலாம்னு," என்று கைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் காபி போடுவது வால்தான். அண்ணி அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே விசாரணைக்காகத்தான்.  படியிறங்கும்போது வால் கேட்டான்.

"இப்ப எங்க போறோம்?"

"பல் டாக்டர்கிட்ட. உனக்குப் பல் வலி."

"எனக்கு வலிக்கலையே."

"அவர் பாத்ததுக்கப்புறம் வலிக்கும்."

*

பல் டாக்டரின் மீசை முகக்கவசத்துக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. ஆள் சோர்ந்திருந்தார். வாலை நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பி, "ஆ காட்டுங்க," என்றார்.

வால் ஆ காட்டினான். அந்த நொடியிலிருந்து அவன் வாழ்க்கையின் மிகக் கஷ்டமான கால் மணி நேரம் தொடங்கியது. சுற்றி நடப்பதற்கெல்லாம் சொல்ல வாய் நிறைய வார்த்தை இருந்தது. ஆனால் வாய் நிறைய பஞ்சும் இருந்தது.

"டாக்டர், ஒரு சந்தேகம்," என்றார் அண்ணி, சுவரில் மாட்டியிருந்த தாடைப் படத்தைப் பார்த்தபடி. "முன் பல்லும் பின் பல்லும் எதிரெதிர்ப் பக்கம் நகர முடியுமா?"

"ஒரே தாடையில எப்படிம்மா முடியும்."

"ரெண்டு மோட்டார் வச்சா?"

வாலின் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த கருவி நின்றது.

"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.

"உங்க தங்கச்சி அனுப்பினாங்க. வண்டியைத் தேடறேன். அறைக்குள்ள ஒரு வண்டிதான் நின்னுச்சு. ஒரு தடம்தான் இருக்கு. அதுவும் வெளிய போற தடம். உள்ள வேற வண்டி வரலை, யாரும் எதையும் இழுக்கலை. நின்ன வண்டி தானா நடந்து போயிருக்கு. அதாவது எதிரெதிரா சக்கரம் சுத்தினது ஆடிட்டர் வண்டியில்லை டாக்டர். உங்க வண்டி."

"ஆங்," என்றான் வால். 'அட' என்பதுதான் அவன் சொல்ல நினைத்தது.

"என் வண்டி ஷாஃப்ட் வண்டி," என்றார் டாக்டர். குரலில் பலம் இல்லை. "ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சது செமி ஃபைனல் வரைக்கும்."

மேஜையின் இழுப்பறை பாதி திறந்திருந்தது. மருந்துச் சீட்டுகளுக்கு மேலே ஒரு ரிமோட் கிடந்தது. அண்ணி அதை எடுத்து, ஸ்விட்சைத் தட்டி, விசையை மெல்ல அழுத்தினார்.

மாதிரித் தாடைகள் வைக்கும் அலமாரிக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. கதவு தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து நிதானமாக, ராஜா மாதிரி, ஒரு கிராலர் இறங்கி வந்தது. அவசரத்தில் அதன் ஸ்விட்சை அணைக்க மறந்திருக்கிறார். வண்டியின் தலையில் ஒரு பிளாஸ்டர் தாடை ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டியது. வாலின் செருப்பின் மேல் ஏறி, இறங்கி, டாக்டரின் காலடியில் வந்து நின்றது. அண்ணி ரிமோட்டில் இன்னொரு விசையைத் தட்டினார். முன் சக்கரங்கள் முன்பக்கமும் பின் சக்கரங்கள் பின்பக்கமும் சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. தாடை உருண்டு விழுந்தது.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஃபைனல் பாறையைப் பாத்தீங்களா? செங்குத்து. என் ஷாஃப்ட் வண்டி அதுல சாய்ஞ்சு கவிழும்னு கனவுலயே தெரிஞ்சுது. மாப்பிள்ளை சொன்னதுதான் சரின்னு மனசு சொல்லுச்சு. யாருக்கும் தெரியாம மாத்திட்டேன். மேல மூடி இருக்கே, யார் பாக்கப் போறாங்கன்னு நினைச்சேன். நேத்து தங்கச்சி மூடியைக் கழட்டணும்னு சொன்னதும், வண்டி ஸ்விட்சை அணைக்காமலே ஒப்படைச்சேன். விடிகாலையில போய், ஓட்டைக்கு வெளிய படுத்துக்கிட்டு வண்டியை ஓட்டி வெளிய எடுத்தேன். காணோம்னா ஃபைனலைத் தள்ளி வைப்பாங்க, அதுக்குள்ள பழையபடி மாட்டிடலாம்னு கணக்கு."

"பழி மாப்பிள்ளை மேல விழும்னு தெரியலையா?"

"சத்தியமா தோணலை. தடத்தைப் பாத்து எல்லாரும் அவரைக் கை காட்டினாங்க. வாயைத் திறந்து சொல்லணும்னுதான் நின்னேன். திறக்க வரலை."

வால் வாயிலிருந்த பஞ்சை எடுத்தான். "எங்க வாயை மட்டும் நல்லாத் திறக்கச் சொல்றீங்க டாக்டர்."

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "அவர் ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருந்தா அப்பவே உடைஞ்சிருப்பேன். எதுக்கெடுத்தாலும் சண்டை போடற மனுஷன், இதுக்கு மட்டும் ஏன் பேசாம நின்னார்? சாமான் கட்டறாராம். என் தங்கச்சி மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்? ஆனா அவர் ஏன் பேசலை, அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை."

அண்ணி கைப்பையைத் திறந்து காபிக் கருவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு உங்க வீட்டுக்கும் வந்திருக்குமே. மோட்டாரைத் தடவிப் பாருங்க."

டாக்டர் தடவினார். பல்லின் சொத்தையைத் தேடிப் பழகிய விரல், மோட்டாரின் உடம்பெல்லாம் இருந்த கீறல்களில் நின்று நின்று நகர்ந்தது.

"கல்லுல இடிபட்ட கீறல்," என்றார்.

"காபி கலக்கற கருவி எப்ப பாறை ஏறுச்சு டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடிட்டர் வண்டியில அச்சு மேல இருந்த மோட்டார் ரெண்டு. வீட்டுல காபிக் கருவியும் ரெண்டு. போன வாரம் செஞ்சார். அப்ப அவர் வண்டியில இப்ப என்ன ஓடுது?"

"ஷாஃப்ட்," என்றார் டாக்டர், மூச்சே இல்லாமல்.

"அதனாலதான் அவர் வண்டியை ஓட்டிக் காட்ட மாட்டேங்கறார். காட்டினா நிரபராதின்னு தெரிஞ்சுடும். ஷாஃப்ட் போட்டதும் தெரிஞ்சுடும். திருடன்னு பேர் வாங்கினாலும் வாங்குவேன், மச்சான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்க மாட்டேன்னு உக்காந்திருக்கார். நீங்க பழி விழறதைப் பாத்துக்கிட்டு வாயை மூடறீங்க, அவர் பழியைத் தலையில வாங்கிக்கிட்டு வாயை மூடறார். ஒரே வீட்டுல எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மீசை நடுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வாலுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது.

"ஷாஃப்ட்டா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கியர் என்ன போட்டிருக்கார், கேட்டீங்களா?"

*

டாக்டர் கிராலரை மார்போடு அணைத்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் படியேறினார். அண்ணியும் வாலும் பின்னால் போனார்கள். மாடி நடையில் கட்டி வைத்த பெட்டிகள் இடுப்பளவுக்கு நின்றன. ஆடிட்டர் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

 டாக்டர் அவர் முன்னால் ஒரு பெட்டியின் மேல் வண்டியை வைத்து, மேல்மூடியைக் கழற்றினார். முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார். நடுவில் வெறும் இடம்.

ஆடிட்டரின் வாயில் கயிறு அப்படியே நின்றது. வண்டியைப் பார்த்தார். மச்சானின் முகத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கடியில் ஏதோ உருளும் சத்தம். தன் வண்டியோடு திரும்பி வந்து, மச்சானின் வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்து, அவரும் மூடியைக் கழற்றினார். நடுவில் ஒற்றை மோட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் பளபளவென்று புது ஷாஃப்ட்.

அடுப்பங்கரை வாசலில் கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. வால்கூடத் திறக்கவில்லை, பல் உண்மையிலேயே வலித்துக்கொண்டிருந்தது.

"காலையில நான் பேசியிருக்கணும் மாப்பிள்ளை," என்றார் டாக்டர். "தப்பு என் மேலதான்."

 ஆடிட்டர் குனிந்து டாக்டரின் வண்டியில் ஒரு வயரை விரலால் தூக்கினார்.

"முன் மோட்டார் வயரை இப்படித் தொங்கவிட்டா கல்லுல மாட்டும் மச்சான். மேலாக்கக் கட்டணும்."

டாக்டர் அவர் வண்டியைக் கையில் எடுத்தார். "உங்க பின் ஷாஃப்ட் நீளம் ஜாஸ்தி மாப்பிள்ளை. முட்டும்."

"முட்டாது."

"முட்டும்னு சொல்றேன்ல."

"எந்த ஆதாரத்துல சொல்றீங்க?"

கோச் அடுப்பங்கரைக்குள் போய் முகத்தைப் புடவைத் தலைப்பில் ஒற்றிக்கொண்டது வாலுக்கு மட்டும் தெரிந்தது. லாரிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். கணவரைக் கேட்கவில்லை.

*

மாலையில் பட்டறை வாசலில் கூட்டம் திமிறியது. காணாமல் போன வண்டி கிடைத்ததைவிட, அது எப்படிக் கிடைத்தது என்பதுதான் பேச்சாக இருந்தது. டாக்டர் நடுவில் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஆடிட்டரைத் திருடன் என்று சொன்னவர்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். பிறகு இரண்டு மேல்மூடியும் கழன்றன. அப்போது எழுந்த சிரிப்பில் பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. ஆடிட்டர் வேலையை விட வேண்டாம், டாக்டர் மீசையை எடுக்க வேண்டாம் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது.

அதற்குள் அவர்கள் இருவரும் ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

"எடை கீழ இருக்கணும் மாப்பிள்ளை. அச்சு மேல மோட்டார் வச்சாத்தான் வண்டி பாறையோட ஒட்டும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்," என்றார் டாக்டர்.

"ஒட்டி என்ன பிரயோஜனம் மச்சான், ரெண்டு மோட்டாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா? ஒரே மோட்டார், ஒரே இழுப்பு. அதுதான் வண்டி," என்றார் ஆடிட்டர்.

போன வாரம் வரை எதிராளி பேசிய வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் பேசுகிறோம் என்பது இருவருக்கும் உறைக்கவே இல்லை. "அண்ணி, இவங்க வண்டியை மட்டும் மாத்திக்கலை. நாக்கையும் மாத்திக்கிட்டாங்க," என்றான் வால்.

கோச் விசிலை ஊதினாள். கூட்டம் அடங்கியது.

"ஃபைனல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடுவர் தீர்ப்பு ஒண்ணு இருக்கு," என்றாள். "பூட்டி வச்ச வண்டியை நடுவருக்குத் தெரியாம வெளிய எடுக்கறது விதிமீறல். டாக்டர் வெளியேற்றப்படறார். முந்தின நாளே வண்டியை ஒப்படைக்காததும் விதிமீறல். ஆடிட்டரும் வெளியேற்றப்படறார். கோப்பை மூணாவது இடத்துக்கு வந்த தபால்காரருக்கு."

தபால்காரர் அப்போது ஒரு பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். ஒரு கடலை தொண்டையில் சிக்கி, பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

மச்சானும் மாப்பிள்ளையும் சட்டென்று விவாதத்தை நிறுத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே திசையில் திரும்பினார்கள்.

"இது அநியாயம்," என்றார் டாக்டர்.

"அப்பட்டமான அநியாயம்," என்றார் ஆடிட்டர். "ஒப்படைக்கணும்னு விதி எங்க எழுதியிருக்கு? காட்டச் சொல்லுங்க மச்சான்."

"காட்டும்மா. மாப்பிள்ளை கேக்கறார்ல, காட்டு."

"நடுவர் சொந்தக்காரங்கன்னு பாரபட்சம் காட்டறாங்க."

"அதேதான். சொந்தக்காரங்கன்னா இப்படியா நசுக்கறது? மேல்முறையீடு பண்ணுவோம் மாப்பிள்ளை."

"நான் எழுதறேன் மச்சான், நீங்க கையெழுத்துப் போடுங்க."

தோளோடு தோள் உரச அவர்கள் நடுவரை நோக்கி நடந்தார்கள். கோச் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"கோப்பையை ஏதாவது ஒருத்தருக்குக் கொடுத்திருக்கலாமே," என்று அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"கொடுத்தா ஜெயிச்சவர் மாடியில இருப்பார், தோத்தவர் கீழ இருப்பார். இல்லைன்னா அப்படியே தலைகீழா," என்றாள் கோச், அவர்கள் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பப் பாருங்க, ரெண்டு பேரும் ஒரே பக்கம். இன்னும் ஒரு மாசத்துக்கு நான்தான் எதிரி. அதை நான் பாத்துக்கறேன்."